கோட்டுக்குப் பின்னால் காலி இடம்

மார்ச் 3

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரித்துப் படித்தால்தான் எனக்கு உயிர் வரும். வேறு யாராவது பிரித்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இன்று காலை நூலகத்தில் உன் பெயரைத் திறந்தேன். எங்கள் கணினிப் பட்டியலில் இசையமைப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம் இருக்கும், அப்புறம் ஒரு சின்னக் கோடு. ஆள் இருக்கும்வரை கோட்டுக்குப் பின்னால் காலி. உன் கோட்டுக்குப் பின்னால் இந்த வருடம் போட்டிருக்கிறது. எத்தனையோ பேருக்கு அதை நானே போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இன்று நாற்காலியோடு சரிந்தேனாம். பக்கத்து மேஜைக்காரர்தான் தண்ணீர் தெளித்தார்.

உன் போன் எண் என்னிடம் இல்லை. அம்மா வீட்டைக் காலி செய்தபோது உன்னைக் கேட்காமல் பியானோவை விற்றேன். அன்றிலிருந்து நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் பதிப்பாளரும் கடையை மூடிவிட்டாராம், விசாரிக்க ஆள் இல்லை. தெரிந்த பழைய முகவரிக்கே போடுகிறேன்.

சண்டை போடவாவது இரு.

தங்கை

மார்ச் 9

அடி வாலு,

இருக்கிறேன். காலையில் எழுந்து பல் தேய்த்தேன், பால்காரரோடு வாய்த்தகராறு செய்தேன். செத்தவன் செய்கிற வேலையா இது? இருந்தாலும் உன் கடிதத்தைப் படித்ததும் ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

கணினி என்றால் ஏதாவது கோளாறு செய்யத்தான் செய்யும். மெதுவாகத் திருத்திக்கொள், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. மூட்டுவலி தவிர வேறு குறை இல்லை.

நீ நாற்காலியோடு சரிந்தாய் என்று படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்காக நீ விழுவாய் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணன், உயிரோடு

மார்ச் 16

அண்ணாவுக்கு,

கணினிக் கோளாறா? நன்றாக இருக்கிறது கதை.

அந்த வருடத்தைப் போட்டது யார் என்று தேடினேன். உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் நூலகக் கிளை. போன் செய்து கேட்டேன். கவுண்டரில் இருக்கும் பெண் பாவம், பயந்துகொண்டே சொன்னாள்: “உயரமா ஒருத்தர் வந்தார் மேடம். குடையைச் சட்டைக் காலர்ல பின்னாடி மாட்டியிருந்தார். அவர்தான் சொன்னார், இவர் போய்ட்டார்னு.”

குடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற மனுஷன் உலகத்தில் ஒருத்தன்தான். முதல் நாள் வெறும் மயக்கம்தான் வந்தது. இதைக் கேட்டதும் உடம்பே சில்லிட்டுப் போயிற்று. போனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. உன்னை நீயே எப்படி அண்ணா அப்படிச் சொல்லலாம்? ஆதாரம் கேட்காமல் வருடம் போட்டதற்கு அவளுக்குத் திட்டு விழுந்திருக்கிறது, அந்தப் பாவமும் உன்னைத்தான் சேரும்.

சும்மா விளையாட்டு என்று மட்டும் எழுதாதே. உடம்புக்கு ஏதாவதா? மனசுக்கா? உண்மையைச் சொல். நான் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது.

தங்கை

மார்ச் 22

வாலுக்கு,

முதலில் சாப்பிடு. அப்புறம் படி.

அன்றைக்கு நான் ஒரே ஒரு இசைத்தாளைத் தேடித்தான் போனேன். ‘மாடியில் மழை’. பழைய பியானோவில் நாம் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு கையால் வாசிப்போமே, அது. என் பிரதி தொலைந்துவிட்டது, பதிப்பாளர் அதை எந்தப் புத்தகத்தில் சேர்த்தார் என்பதும் மறந்துவிட்டது. என் பெயரை அடித்தேன். பயிற்சிகள், முதல் வகுப்பு. பயிற்சிகள், இரண்டாம் வகுப்பு. மறுபடியும் அதே முதல் வகுப்பு, வேறு அட்டையோடு. அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு என்று பிழைப்புக்கு எழுதியதெல்லாம் வரிசையில் நின்றது. அது மட்டும் இல்லை.

கடைசியில் அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவளும் தேடிவிட்டு, “அவர் இன்னும் இருக்காரா சார்?” என்று கேட்டாள். “இல்லம்மா, போய்ட்டார்” என்று வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அது பொய்யாகவே படவில்லை.

ஏன் இவ்வளவு வருத்தம் என்பாய். அந்தத் தாளில் உனக்காக ஒன்று வைத்திருந்தேன். வருகிற புத்தகமெல்லாம் உன் கையைத் தாண்டித்தானே போகும், கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ எழுதவில்லை. பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய் என்று இத்தனை வருடமும் நினைத்தேன்.

அண்ணன்

ஏப்ரல் 4

அண்ணா,

நான் பார்க்கவே இல்லை. கிளைகளுக்கு வருவது கிளையிலேயே பதிவாகும், என் கைக்கு வராது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உனக்கு ஒரு தபால்தலை கிடைக்கவில்லையா?

உன்னைப்போல நிறைய எழுதியவர்களின் வரிசையைத்தான் இந்த வருடம் ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் அன்று உன் பெயரைத் திறந்தேன். இனிமேல் பெயரை அடித்ததும் எந்த வாத்தியம், எத்தனை பேர் வாசிப்பது என்று கேட்கும். ஒரே பாட்டு பத்து அட்டையில் வந்திருந்தாலும் ஒரே வரியாக மடிந்துவிடும். நேற்று அது முடிந்தது. உன் பெயர், பியானோ, இரண்டு பேர் என்று தட்டினேன்.

ஒரே ஒரு வரி வந்தது. ‘சில்லறைத் துண்டுகள், ஏழாம் தொகுதி’ என்ற புத்தகத்துக்குள் கிடந்திருக்கிறது உன் மழை. திறந்தேன். இசையமைத்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். பழைய திரை முதல் பெயரை மட்டும்தான் காட்டும்.

இரண்டாவது என் பெயர். அண்ணா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். நான் இடது பக்கம் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு தட்டியதற்கா? அச்சான வருடத்தைப் பார்த்தேன். பியானோவை நான் விற்றதற்கு மறு வருடம். நீ என்னைத் தலைமுழுகிவிட்டாய் என்று நான் அழுதுகொண்டிருந்த வருடம். என் பெயரைத் தட்டினேன். பிறந்த வருடம், ஒரு கோடு, பின்னால் காலி. நானும் அங்கேதான் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

உன் வருடத்தை அழித்துவிட்டேன். இங்கே தரைத்தளத்துப் பயிற்சி அறையில் ஒரு பியானோ இருக்கிறது, இரண்டு கட்டை உள்ளே போனால் வெளியே வராது, ஆனால் பேசும். இருபதாம் தேதி சனிக்கிழமை மதியம் நம் இருவருக்காகப் பதிவு செய்திருக்கிறேன். இடது பக்கம் நான். வராவிட்டால் அந்த வருடத்தை இந்தத் தடவை நானே போடுவேன், எனக்கு ஆதாரமும் வேண்டாம்.

உன்னோடு சேர்ந்து எழுதியவள்