மை பிரதர் ஈஸ் ரிட்டயரிங்

ஜூன் 4

என்னைக் கேட்காமலே என் தம்பி என்னை ஓய்வுபெற வைத்துவிட்டான். எங்கள் பட்டறைக்கு மோட்டார் அனுப்பும் ஆலையின் மேனேஜருக்கு அவன் அனுப்பிய கடிதத்தின் நகல் பட்டறை மேஜையில் கிடந்தது. 'மை பிரதர் ஈஸ் ரிட்டயரிங் ஆன் தி தர்ட்டியத் ஆஃப் ஜூன்.' அவனுக்கு இருக்கும் ஒரே பிரதர் நான்தான். முப்பத்தொரு வருஷமாக எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கை இது.

ஜூன் 5

கேட்டேன். வார்னிஷ் டின்னை மூடிக்கொண்டே சொன்னான்: "ஒண்ணும் முடிவாகலண்ணே. சும்மா ஒரு யோசனை. எழுத்துல அப்படி வந்துடுச்சு."

யோசனை என்றால் 'மே ரிட்டயர்' என்று எழுத வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு கைடை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் இலக்கணத்தை நானே படித்தவன். பேசும்போதே முடிவெடுத்தால் 'வில்'. முன்பே மனதில் நினைத்துவிட்டால் 'கோயிங் டு'. நாள் குறித்து, அடுத்தவரிடமும் பேசி ஏற்பாடு செய்தாகிவிட்டால்தான் 'ஈஸ்' போட்டு 'இங்'.

சொன்னேன். சிரித்தான். "தமிழ்ல நாளைக்கு வர்றேன்னு சொல்றதில்லையா? அந்த மாதிரிதான். எனக்கு என்ன இலக்கணமா தெரியும்?"

ஜூன் 6

அவசரப்பட்டுவிட்டேனோ? "ஒரு 'இங்'குக்காகக் கூடப் பொறந்தவனோட மல்லுக்கு நிப்பீங்களா?" என்கிறாள் இவள்.

ஜூன் 9

மல்லுக்கு நின்றதே நல்லதாயிற்று. ஃபைலைப் புரட்டினேன். அதே மேனேஜருக்கு மூன்று கடிதங்கள். ஜனவரியில் 'மே ரிட்டயர்'. மார்ச்சில் 'ஈஸ் கோயிங் டு ரிட்டயர்'. மே மாதம் 'ஈஸ் ரிட்டயரிங்'. யோசனை, எண்ணம், ஏற்பாடு. ஒரு பிழை இல்லை.

ஜனவரியில்தான் எனக்குக் கண் ஆபரேஷன். தினமும் வந்து சொட்டு மருந்து விட்டான். விட்டுவிட்டுப் போய் இதை எழுதியிருக்கிறான்.

ஜூன் 10

போன வருஷம் கைடை இரவல் வாங்கிப் போனவன் அவன்தான். இன்று அந்தப் பாடத்தைத் திறந்தேன். 'ஏற்பாடு' என்ற சொல்லின் கீழ் பென்சில் கோடு. நான் கோடு போடுவது சிவப்பு மையில்.

என் விரலாலேயே என் கண்ணைக் குத்திட்டானே — சே.

ஜூன் 12

பேசவில்லை. அவனும்.

ஜூன் 17

வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உன் கை நடுங்குதுண்ணே. நீ கட்டின ரெண்டு மோட்டார் புகைஞ்சு திரும்பி வந்துச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

"வாயால சொல்றது. தமிழ்ல."

"சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

ஜூன் 30

பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவன் கையில் அல்ல. மேஜையில், அந்தக் கடிதம் கிடந்த இடத்தில்.

இனி நடக்க வேண்டியவை:

தம்பி — பட்டறைப் பெயர்ப்பலகையில் 'பிரதர்ஸ்' என்று இருப்பதைத் திருத்த வேண்டும். கடைசி 'ஸ்'ஸை அழித்தால் போதும். இலக்கணம் தெரிந்தவன், செய்வான்.

இவள் — முன் அறை மேஜையை ஜன்னலோரம் இழுத்துப்போட ஒரு கை பிடிக்க வேண்டும். இனி வீட்டிலேயே வேலை, மின்விசிறி மோட்டார் மட்டும்.

நான் — எதையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் வெளியே தரக் கூடாது.

நான் தம்பியிடம் பேச வேண்டுமாம், இவள் சொல்கிறாள். எழுதிவைக்கிறேன்: 'மே'.