பச்சைக் காரின் புகை

அல்மாட்டி,
நவம்பர் 19

என் குதிரைக்குட்டி எர்ஸாத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். கொரியக் குளிரிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்குத்தான் இருமல் விட்டபாடில்லை. குளிர்காலத்துக்குக் குதிரைக் கறி உப்புப் போட்டு வைத்தாயிற்று. போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்காதே, போன் என்றால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், இதை உனக்குச் சொல்லவே வேண்டாம் என்பது அவர் கட்சி.

நம் பச்சைக் காருக்கு இந்த மாதம் புகைச் சோதனை, நீ போனபின் இதுதான் முதல் தடவை. தேறாவிட்டால் ரோட்டில் எடுக்க முடியாது, ஆஸ்பத்திரி ரோட்டிலேயே போலீஸ் நிற்கிறான். அப்பாவுக்கோ வாரம் இரண்டு நாள் மூச்சு மருந்து வைக்கப் போயாக வேண்டும், பஸ் நிற்கும் இடம் வரை அவரால் நடக்க முடியாது, பாதி வழியில் அடுத்தவர் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். ஆகவே எப்பாடு பட்டாவது தேற்றியே தீருவது என்று இறங்கினேன். முதல் தடவை, அளவு மூன்று மடங்கு என்று மெஷின் காட்டியது. ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிக்கொண்டு போனேன், அப்போதும் அதே கதிதான். எதிர்வீட்டு பொலாத்கான் பெட்ரோலில் ஒரு பாட்டில் வோட்கா ஊற்றச் சொன்னான். அப்பா அந்த இருமலிலும், காருக்காவது குடிக்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்றார். நான் இருவரையும் முறைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை அப்பாவோடு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் உய்குர் இனத்து மெக்கானிக் துர்கானின் ஷெட்டில் வண்டியை விட்டேன்.

அவன் காரைத் தூக்கி, சைலன்சருக்கு முன்னால் இருக்கிறதே, விஷப்புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வெர்ட்டர், அதைத் தட்டினான். டங்கென்று வெறும் டப்பாச் சத்தம். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறது. எவனோ உள்ளே இருந்த விலைகூடிய பொருளை உருவி விற்றுவிட்டான், உன் ஆட்கள்தான் என்று துர்கானைப் பிடித்து நான் கத்திய கத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து, அந்த வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். "அவனைத் திட்டாதே ஸெய்னே. இது நம்ம பய கை. இவ்வளவு சுத்தமா வேற எவன் அடிப்பான்?" என்றார். சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

மூன்று வருஷம் முன்னால் நீ கிளம்பியபோது விமான டிக்கெட்டைக் கம்பெனி அனுப்பியது என்று சொன்னாயே, அது எந்தக் கம்பெனி என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். மூன்று குளிர்காலம், தினமும் காலையில் அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே பத்து நிமிஷம் என் கையாலேயே அந்தக் காரை ஓடவிட்டுச் சூடேற்றியிருக்கிறேன்.

விஷயம் கேள்விப்பட்டதும் பொலாத்கான் தன் கன்வெர்ட்டரைக் கழற்றித் தருகிறேன் என்று வந்தான். நம் தெருவில் அந்த ஒன்றுதான் வருஷாவருஷம் பதினொரு காருக்கு மாட்டப்பட்டு, சோதனை முடிந்ததும் கழற்றப்படுகிறதாம். எனக்கு வேண்டாம் என்றேன். "அக்கா, எல்லாரும் செய்யறதுதானே, நீ மட்டும் என்ன பெரிய இவளா?" என்றான். "மெஷின் ஏமாறும். என் வீட்டுக்காரர் நெஞ்சு ஏமாறாதுடா" என்றேன். துர்கான் விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து நல்லதாக ஒன்று கண்டுபிடித்து மாட்டிக் கொடுத்தான், கூலிக்கு மார்ச்சில் வரும் நவ்ரூஸ் பண்டிகை வரை வெள்ளிதோறும் ஒரு பேசின் நிறைய பவுர்சாக் மாவு உருண்டை பொரித்துக் கொண்டுபோகிறேன். நேற்று மூன்றாம் தடவை போனோம். தேறிவிட்டது. சோதனை போடுகிற பெண் நம்பாமல் இரண்டு முறை குழாயைச் சொருகிப் பார்த்தாள்.

அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, பாதி தீர்ந்துவிட்டது. அவர் நோய் உன்னால் வந்ததில்லை, டாக்டர் பழைய சங்கதி என்கிறார், அதை நினைத்து மருகாதே. கேட்டிருந்தால் காரையே விற்று உன்னை அனுப்பியிருப்போம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இனி எதையும் எங்களுக்குத் தெரியாமல் தனியாகச் சுமக்காதே. கப்பலுக்கடியில் வெல்டிங் செய்யும்போது முகத்துணி கட்டாமல் இருக்காதே, உன் நெஞ்சும் அப்பாவின் நெஞ்சு மாதிரிதான்.

கடவுள் உன் வழியைத் திறந்து வைக்கட்டும், உன் கைக்கு வேலையும் கண்ணுக்குத் தூக்கமும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மூன்று வருஷமாக நீ போன் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, கார் எப்படி ஓடுகிறது என்பதுதான். ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. கார் நன்றாக ஓடுகிறது, மகனே. இனிமேல் அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேள்.

உன் அம்மா,
ஸெய்னெகுல்