குரல் உடையாமல் வாசித்தது

அய்யா துணை

அன்பு மகள் ஆதிராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் வினோஜ், அவன் பெண்டாட்டி அஸ்வதி மூன்று பேரும் உடம்புக்குக் கேடில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது அய்யாவிடம் சொல்லிவைக்கிறேன். அயர்லாந்தில் இப்போது வெயில் காலம் என்று வினோஜ் சொன்னான், அவன் காட்டிய போட்டோவில் குழந்தை தலையில் கம்பளிக் குல்லா இருந்தது, இதுதான் வெயில் என்றால் மற்றக் காலத்தில் என்ன செய்வீர்களோ. இங்கே சாரல் விட்டபாடில்லை, கன்னிப்பூ பயிர் நன்றாக நிற்கிறது, சுசீந்திரம் வரை இரண்டு பக்கமும் பச்சைதான். அஸ்வதி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். வினோஜுக்குத் தொப்பை போட்டுவிட்டது, நான் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான், நீ சொல்லிப் பார்.

நீ என்னோடு பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. வினோஜிடம் பேசுகிறாய், அஸ்வதியிடம் பேசுகிறாய், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கோபம் எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா தை மாதம் போனாள், மாசியில் அய்யாவைக் கும்பிடும் நம் தாங்கலில் ஏடு வாசிப்பு வந்தது, வருஷா வருஷம் போல நான்தான் தலைப்பாகை கட்டி உட்கார்ந்து அய்யாவின் ஏட்டை ராகம் போட்டு வாசித்தேன், வினோஜ் அதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பினான். பார்த்துவிட்டு நீ கூப்பிட்டு, "அம்மா போயி ஒரு மாசம் ஆகல்ல, ஒரு எடத்துலயும் கொரலு ஒடையாம எப்பிடிப்பா வாசிச்சிய, ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லியா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை, நீ அழ ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டாய். பிறகு குழந்தை பிறந்த சேதியைக்கூட வினோஜ் வாயால்தான் கேட்டேன். அதற்கெல்லாம் முன்னால், அம்மா நன்றாக இருந்த காலத்தில், நீங்கள் படித்த புத்தகம் கேட்ட பாட்டு எல்லாம் எழுதி அனுப்புங்கள், என் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தடவை கேட்டிருந்தாய், நானும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு எழுதவில்லை. இப்போது இரண்டு கேள்விக்கும் சேர்த்து எழுதுகிறேன், இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று படுகிறது. போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

எனக்குப் பாட்டும் புத்தகமும் தனித்தனியாக வரவில்லை. என் அப்பா தாங்கலில் ஏடு வாசிப்பார், நான் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடப்பேன், பொருள் ஒன்றும் புரியாது, ராகம் மேலே ஏறும்போது பெண்கள் குரவை இடுவார்கள், அது மட்டும் தெரியும். எழுத்து படிக்குமுன்னே ராகம் தொண்டையில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் சரித்திரப் பாடத்தையும் அதே ராகத்தில்தான் வாசிப்பேன், வாத்தியார் பிரம்பை மேசையில் தட்டி, "லேய் தங்கப்பா, அக்பருக்கு எதுக்குல தாளம்" என்று கேட்க வகுப்பே சிரித்தது. பிறகு கண்டக்டர் வேலை கிடைத்து, கேரள எல்லைப் பக்கம் அருமனை பஸ்ஸில் போட்டார்கள். கடைசி வண்டி ராத்திரி அங்கேயே தங்கல். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு வாசகசாலை இருந்தது, பாதிக்கு மேல் மலையாளப் புத்தகம், பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே மலையாள எழுத்து படித்து வைத்திருந்தேன், அதை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி நாவல் படிக்க ஆரம்பித்தேன். ஒரு கதை, ஆற்றைக் கடத்திவிடும் தோணிக்காரன் ஒருவனைப் பற்றியது, பெயர் கேட்காதே, அட்டை கிழிந்து பெயரே இல்லாமல்தான் எனக்குக் கிடைத்தது. பாலம் கட்டி முடிக்கிறார்கள், அவன் மறுநாளும் பழக்கத்தில் துறைக்கு வந்து தோணியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அதைப் படித்து நான் பஸ் சீட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். டிரைவர் ஓடி வந்து டிக்கெட் கட்டுதான் காணாமல் போய்விட்டதோ என்று சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினார். கண் வீங்கி வீட்டுக்கு வந்தால் உன் அம்மா சும்மா விடுவாளா, "இல்லாத ஆளுக்கு அழுதுட்டு வந்திருக்காரு, இருக்கப்பட்ட ஆளுக்கு ஒரு மல்லிப்பூ வாங்கத் தெரியல்ல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

புத்தகம் எனக்கு அறிவு தந்தது உலகம் காட்டியது என்று மற்றவர்கள் சொல்வதுபோல என்னால் சொல்ல முடியாது. எனக்கு அது அழ இடம் தந்தது. நம் வீட்டில் சாவுக்கு அழுகிற வழக்கம் கிடையாது, என் அப்பா காலத்திலிருந்தே கிடையாது. போனவர் தர்மயுகத்தில் எழுந்து வருவார் என்று வடக்கு பார்க்க உட்காரவைத்து மண்ணில் வைக்கிறோம், சத்தம் போட்டு அழுதால் அதை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்பார் அப்பா. என் தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் போனபோதும் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. நான் அவனுக்காக அழுததெல்லாம் பிற்பாடு அருமனையில், தோணிக்காரனை வைத்துத்தான் என்று இப்போது நினைக்கிறேன். பாட்டும் அப்படித்தான். இலங்கை ரேடியோவில் சோகப் பாட்டு வந்தால் நான் வெளியே எழுந்து போய்விடுவேன், பிள்ளைகள் பார்க்கக்கூடாதே என்று. உன் அம்மா நேர்மாறு. அவளுக்கு எந்தப் பாட்டிலும் இரண்டு வரிக்கு மேல் தெரியாது, தெரியாத இடத்தில் அன்றைக்கு அடுப்பில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டு நிரப்புவாள், காதலனைக் கூப்பிடும் பாட்டில் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் வரும். நான் திருத்தப் போனால், "தாங்கல்ல நீங்க வாசிக்கது ஏடு, அடுக்களைல நான் படிக்கதுதான் பாட்டு, போங்க அந்தால" என்பாள். கதைப் புத்தகம் கொடுத்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள், யார் சாகிறான் என்று தெரிந்துகொண்டு படித்தால் நிம்மதியாக இருக்கிறதாம்.

அவள் போன அன்று நீ எட்டு மாதக் கர்ப்பிணி, விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், வினோஜ் பிடித்த போனில்தான் நீ பார்த்தாய். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலியில் இருந்தேன். எல்லாரும் நான் அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். எனக்கு அழுகையை அடக்க வேண்டி இருக்கவில்லை மக்கா, அடக்குவதற்கு ஒன்றும் வரவில்லை. பந்தல்காரன் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முடிச்சு சரியில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், உப்பு உறைப்பு தெரிகிறது. வினோஜ் ஸ்பீக்கர் பெட்டி வாங்கிப் பழைய பாட்டெல்லாம் வைத்தான், ராகம் தெரிகிறது, வரி தெரிகிறது, நிறுத்தவும் தோன்றவில்லை கேட்கவும் தோன்றவில்லை. தோணிக்காரன் கதையை எடுத்து அந்தப் பக்கத்தையே படித்துப் பார்த்தேன். ஒரு ஆள் தோணியைத் துடைக்கிறான் என்று எழுதியிருந்தது.

மாசியில் ஏடு வாசிக்க உட்காரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, அங்கேயாவது உடைந்துவிடும் என்று. பிள்ளைகளைப் பிரிந்து தாய் புலம்புகிற இடத்துக்கு வந்தால் வருஷா வருஷம் எனக்குத் தொண்டை கட்டும், உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கையால் காட்டுவாள். இந்த வருஷம் அந்த இடம் வந்தது, போனது, ஏறவும் ஆளில்லாத இறங்கவும் ஆளில்லாத ஸ்டாப்பை வண்டி தாண்டுவதுபோலத் தாண்டிவிட்டேன். வினோஜ் அனுப்பிய படத்தில் நீ கேட்ட உடையாத குரல் அதுதான். ஆனால் ஊருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. வாசிப்பு முடிந்ததும் பட்டு போர்த்தினார்கள், "தங்கப்பண்ணனுக்க உறுதியப் பாத்தியளா, நம்பிக்கைண்ணா அது நம்பிக்கை" என்று மைக்கில் சொன்னார்கள். நான் அடுத்த வருஷம் வேறு ஆளை வையுங்கள் என்று சொன்னதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மேலத்தெரு ரத்தினம் உனக்கு ஞாபகம் இருக்கும், தேங்காய்க் கடை வைத்திருப்பவன், அவன் மகன் லிஜின் சித்திரையில் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். ரத்தினம் தாங்காமல் தெருவில் உருண்டு அழுதிருக்கிறான். தாங்கல் கமிட்டிக்காரர்கள் அவனைக் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவந்து, "அண்ணாச்சிகிட்ட கொஞ்ச நாளு வந்து இரு, எப்பிடித் தாங்கணும்ணு பாத்துப் படி" என்று உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். தினமும் சாயங்காலம் வருவான், எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பான். ஒரு நாள் எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டே விட்டான். பொய் சொல்ல முடியவில்லை. "எனக்கு உறுதியும் இல்ல ஒண்ணும் இல்ல டே, உள்ள ஒண்ணும் தோணல்ல, செத்த மாதிரி கெடக்கு, இதப் பாத்துப் படிக்காத" என்றேன். அதற்கு அவன், "எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி, எங்கயும் அழ விடமாட்டேங்காவ, இங்க இருந்து அழட்டா" என்று கேட்டான். நான் கதவைச் சாத்தி, தெருவில் கேட்காமல் இருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஏதோ கல்யாணப் பாட்டு ஓடியது. அவன் தரையில் நெற்றியை வைத்து மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் அவன்மேல் பொறாமையாக இருந்தது. அம்மா போன பிறகு எனக்குள் வந்த முதல் விஷயம் அந்தப் பொறாமைதான், உன்னிடம் மறைக்கவில்லை. அவன் இப்போதும் வருகிறான், அழுதுவிட்டு முகம் கழுவிக் கடைக்குப் போகிறான், கமிட்டிக்காரர்கள் என் பழக்கத்தால் அவன் தேறிவிட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லியா என்று கேட்டாயே, இல்லை மக்கா, இதுவரை ஒன்றும் இல்லை. உன் அம்மாமேல் பிரியம் இல்லாததால் இல்லை, அவளைவிட எனக்குப் பெரியவர் யாரும் இருந்ததில்லை. ஏன் இப்படி ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை, எப்போது மாறும் என்றும் தெரியவில்லை. நான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வைத்திருந்ததெல்லாம் பாட்டும் கதையும்தான், அதுவும் இப்போது கைக்கு வராமல் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

குழந்தைக்குத் தினமும் எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம், காதை மூடிக்கொண்டு வெளியே எடுத்துப் போ. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்குத் திரும்பப் போக அவசரப்படாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அய்யா உங்கள் மூன்று பேரையும் கண்ணிமைபோல் காக்கட்டும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று வினோஜ் சொன்னான், வேண்டாம் என்று நானே தபாலில் போடுகிறேன், அவன் படிக்கவில்லை. கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. உன் அம்மாவுக்காக இந்த வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டு அழவில்லை. நீ ஒருத்திதான் அவளுக்காக அழுகிறாய், அதையும் போனை வைத்துவிட்டு அழுகிறாய். அடுத்த தடவை வைக்காதே. நான் ஒன்றும் பேச மாட்டேன், ஆறுதல் சொல்ல மாட்டேன், போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டு நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ரேடியோ வைக்க மாட்டேன், கதவும் திறந்தே இருக்கும், தெரு கேட்கட்டும்.

என்றும் உன் நலம் கேட்கும்
அப்பா
தங்கப்பன்