நான் வேஷம் கட்டி வரவில்லை

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்தேன். பக்கச் சக்கரம் ஒன்று முனகுகிறது. பொங்கல் கழிந்ததும் காட்ட வேண்டும். அதை நம்பித்தான் கோவில்பத்திலிருந்து திருநள்ளாறு வங்கிக்குத் தினமும் போய் வருகிறேன்.

அடுத்த ஞாயிறு பார்க்குக்குப் போகிறோமாம். சென்னைக்கு இந்தப் பக்கம், கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, ராட்சத ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் உள்ள பெரிய பார்க். அன்றைக்குத்தான் அங்கே பொங்கல் கொண்டாட்டத்தின் கடைசி நாள். அண்ணன் செம்பியன் கார் பேசிவிட்டான். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து அண்ணிக்குக் கோபம். புளிசாதம் என்ன பாவம் செய்தது என்கிறார்.

நான் வரவில்லை என்றேன். என் மூன்றரை அடி உயரத்தில் கூட்டம் என்றால் முழங்கைகளும் கைப்பைகளும்தான். அண்ணன் மகள் தமிழ்மொழி விடவில்லை. இந்த வருஷம் என்னைவிட ஒரு பிடி வளர்ந்துவிட்டாள், பிடிவாதமும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. “அத்த வரலன்னா நானும் போகல” என்று, பார்க்குக்காகப் போட்டுப் பார்த்த புதுச் சட்டையைக் கழற்றி எறிந்தாள்.

சரி, போகலாம்.

14 ஜனவரி

பொங்கல் பொங்கியது. தமிழ்மொழி கோலத்துச் சூரியனுக்கு மீசை வைத்தாள், அண்ணி அழிக்கச் சொல்லவில்லை.

20 ஜனவரி, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று வங்கியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே நுழைவதற்குள் வெயில் ஏறிவிட்டது. டிக்கெட் விற்றவர்கள் இத்தனை பேரும் எங்கே நிற்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு வரிசை இன்னொரு வரிசையில் போய் முட்டியது. தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் உயரம் பார்க்கிற கம்பம். அங்கே நின்றவர் பின்னாலிருந்து என் தலையில் கை வைத்து, “பாப்பா, நீ ஏற முடியாதும்மா” என்றார். நான் திரும்பியதும் “சாரி மேடம்” என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை. கம்பி என்மேல் இறுகாவிட்டால் விழப்போவது நான்தான். அவர்கள் மூவரையும் ஏறச் சொல்லிவிட்டு, அலங்காரப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிழலில் நின்றேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. இல்லை — என்ன தப்பு? நிழலில் நிற்பது தப்பா?

பக்கத்தில் காளை வேஷம் போட்ட ஒருவர் எல்லோருடனும் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண் என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அடுத்து ஒருவர் தன் கைக்குழந்தையை என்னிடம் திணித்து, “சிரிங்க, சிரிங்க” என்றார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. எனக்கு ஒரு வரிசை! ஒரு பெரியவர் மரியாதையாகவே கேட்டார், “ஒங்க ஷோ எப்பங்க?”

“நானும் டிக்கெட் வாங்கிட்டு வந்தவதாங்க” என்றேன்.

“அப்படியா” என்றார். என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போனார்.

மத்தியானத்துக்குமேல் மேடை நிகழ்ச்சி. நாங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மைக் பிடித்தவன் இறங்கி நேராக என்னிடம் வந்தான். “ஆகா, இங்க பாருங்க, நம்ம குட்டிப் பொங்கல்” என்று என் கையைப் பிடித்தான்.

“வேணாங்க” என்றேன்.

“வெக்கத்தப் பாருங்க” என்று மைக்கில் சொன்னான்.

“விடுங்க. கைய விடுங்க.”

அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள். மேடைப் படி எனக்கு எட்டவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். முப்பத்துநாலு வயசுப் பொம்பளைய. எவனோ ஒருத்தன். பச்சப் புள்ளையத் தூக்குற மாதிரி தூக்கிட்டான், அத்தன பேருக்கு முன்னால. இப்ப எழுதும்போதும் அந்த எடம் கூசுது.

கையில் கரும்பைக் கொடுத்தான். காளை என்னைச் சுற்றி ஆடியது. ஒரே விசில். கீழேயிருந்து தமிழ்மொழி கத்தினாள், “அவங்க எங்க அத்த. பேங்க்ல வேல பாக்குறாங்க.” அவன் அதையும் விடவில்லை. “மேனேஜர் மேடமா? எனக்கு ஒரு லோன் குடுங்க மேடம்” என்று என் முன்னால் மண்டி போட்டான். மண்டி போட்டும் என் உயரம் இருந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணன் கை தட்டினான். ஒரு கையில் போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்ததால், இன்னொரு கையால் தொடையில் தட்டினான்.

திரும்பி வரும்போது தமிழ்மொழி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாண்டிச்சேரி தாண்டியதும் என் மடியில் தலையை வைத்து, “நான் சொல்லாம இருந்திருக்கணும் அத்த” என்றாள். உண்மையைச் சொன்னதற்கு ஒரு பிள்ளையை வருத்தப்பட வைத்துவிட்டார்கள். எனக்குச் செய்ததைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடுவேன். இதை எங்கே வைப்பது?

22 ஜனவரி, புதன்

லாட்ஜ் வைத்திருக்கும் புகழேந்தி பணம் கட்ட வந்தார். ரசீதை வாங்கிக்கொண்டு போனை நீட்டினார். “மேடம், இது நீங்கதானே?”

பார்க்காரர்கள் மேடை வீடியோவை அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். “குட்டி மேனேஜரின் பொங்கல் குத்து.” கீழே சிரிப்புப் பொம்மைகள். ‘சோ க்யூட்.’ ‘இத எங்க புடிச்சீங்க?’

இத.

புகழேந்தி நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம். இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, போனிலிருந்த முகத்தைப் பார்த்துப் பேசினார். பக்கத்துக் கவுன்டர் பஹீமா எழுந்து வந்து, “அண்ணே, வேல முடிஞ்சிடுச்சுல்ல? பின்னால ஆளு நிக்குது” என்று அனுப்பிவைத்தாள்.

23 ஜனவரி

பார்க்குக்குப் போன் செய்தேன். யார் யாருக்கோ மாற்றிவிட்டு, கடைசியில் ஒருவர் கிடைத்தார். வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன்.

“பாசிட்டிவாத்தானே மேடம் போட்டிருக்கோம். கமெண்ட்ஸ் பாருங்க, எல்லாருக்கும் ஒங்கள அவ்வளவு புடிச்சிருக்கு.”

“என்னைக் கேட்டீங்களா?”

“ஃபேமிலியோட இன்னொரு தடவ வாங்க மேடம், ஃப்ரீ பாஸ் அனுப்புறோம்.”

நான் கேட்டது ஒன்று. கொடுப்பது ஒன்று. பிச்சைக்காரியா நான்?

25 ஜனவரி, சனி

வங்கி விடுமுறை. அண்ணனும் மின்துறை ஆபீசுக்குப் போகவில்லை. சண்டை.

அவன் எடுத்த படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறான். சித்தப்பா கைதட்டல் பொம்மை போட்டிருக்கிறார்.

“பெருமையாத்தான் எழிலு அனுப்புனேன். எல்லாரும் ஒனக்குத்தானே கை தட்டுனாங்க.”

“எனக்கா தட்டுனாங்க? என் ஒசரத்துக்குத் தட்டுனாங்க.”

“நீ சிரிச்சியே.”

“பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னா தூரத்துலேருந்து சிரிப்பாத்தான் தெரியும்.”

“விட்டுடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க. இத நோண்ட நோண்ட ஊரு பூரா ஒன் பேச்சுதான் ஓடும்” என்றான். சின்ன வயதிலிருந்து இதே பேச்சு. கல்யாண வீட்டில் எவராவது ஏதாவது சொன்னால் விட்டுடு. பஸ்ஸில் எவனாவது சீண்டினால் விட்டுடு. விட்டு விட்டுத்தான் இன்றைக்கு மேடையேற்றிவிட்டார்கள்.

“நான் விடுங்கன்னு சொன்னது ஒன் காதுல விழுந்துச்சா இல்லையா?” என்று கேட்டேன்.

சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

27 ஜனவரி

மதியச் சாப்பாட்டின்போது பஹீமா சொன்னாள், அவள் அண்ணன் இஃபாத் காரைக்காலில் வக்கீல். ஐந்து மணிக்கு வங்கி மூடியதும் அவரிடம் கூட்டிப் போனாள். மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே பொது இடத்தில் அவமானப்படுத்துவது குற்றம், சட்டத்தில் இருக்கிறது என்றார். பார்க் இருக்கும் எல்லையில் புகார் கொடுக்கலாம். ஆனால் அவர்கள், மேடம் விரும்பித்தான் வந்தார் என்பார்கள். “நீங்க வேணாம்னு சொன்னத பக்கத்துலேருந்து கேட்டவங்க யாராவது சொல்லணுங்க.”

புகாரை அனுப்பச் சொல்லிவிட்டேன். பார்க்குக்கும் ஒரு நோட்டீஸ்.

வீட்டில் சொன்னதும் தமிழ்மொழி, “நான் கேட்டேன், நான் வந்து சொல்றேன்” என்றாள். அண்ணி அவள் தலையைக் கோதிவிட்டு அண்ணனைப் பார்த்தார். அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

29 ஜனவரி

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. இட்லி நன்றாக இருந்தது என்று சொல்லக்கூட ஆளில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

பார்க்கிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பளிச்சென்ற சட்டை, பழத்தட்டு, சால்வை. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப் போய் அண்ணனுக்குக் கை கொடுத்தார்.

“சார், ஏதோ மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். வீடியோவ எடுத்துட்டோம். நீங்கதான் தங்கச்சிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். புகார வாபஸ் வாங்கச் சொல்லுங்க.”

அண்ணன் தலையாட்டினான். முடித்துவிடப் போகிறான், சால்வையை வாங்கிக்கொண்டு முடித்துவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

வந்தவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். “எங்களுக்கு இவங்கள மாதிரி ஆளுங்க மேல தனிப் பிரியம் சார். சொல்லப்போனா, பார்க்லயே ஒரு வேல போட்டுக் குடுக்கலாம்னு மேனேஜ்மென்ட்ல பேசியிருக்கோம். சும்மா கேட்ல நின்னு குழந்தைங்களுக்குக் கை காட்டுனாப் போதும். டிரெஸ் நாங்களே குடுத்துடுவோம்.”

அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார்.

அண்ணன் எழுந்தான். கத்தவில்லை. “ஏங்க, வந்ததுலேருந்து எங்கிட்டயே பேசுறீங்க. ஒங்க ஆளு கையப் புடிச்சி இழுத்தது என்னையா? அவங்க அங்க ஒக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட பேசுங்க.”

பிறந்ததிலிருந்து நான் அவனுக்கு அவ, இவ, எழிலு. அவங்க என்று இன்றுதான் கேட்கிறேன்.

வந்தவர் திரும்பி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “நான் வேஷம் கட்டிக்கிட்டு ஒங்க பார்க்குக்கு வரலங்க. டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தேன். அதே மேடையில, அதே மைக்குல, செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. அது வரைக்கும் புகார் இருக்கும். தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க.”

“மேடையிலயா... அது எப்படி மேடம், கஸ்டமர்ஸ் முன்னாடி...”

“என்ன இழுத்தப்ப கஸ்டமர்ஸ் இல்லையா?”

தட்டோடு போனார்.

3 பிப்ரவரி

ஸ்கூட்டரை எடுக்கும்போது அண்ணன் வாசலுக்கு வந்தான். “விழுந்துச்சு எழிலு. நீ விடுங்கன்னது என் காதுல விழுந்துச்சு” என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அழுதால் தெரியக்கூடாது.

8 பிப்ரவரி

மேடையில் மன்னிப்புக் கேட்க முடியாதென்று பதில் வந்துவிட்டது. வருத்தம் மட்டும் தெரிவிக்கிறார்களாம். யாருக்கு வேண்டும்?

14 பிப்ரவரி, வெள்ளி

புகாருக்கு வாக்குமூலம் கொடுக்க விடியும்போதே கிளம்பினோம். அண்ணன் லீவு போட்டிருந்தான். தமிழ்மொழிக்குப் பள்ளிக்கூடம், வருவேன் என்று அடம்பிடித்தவளை, “அப்பா போறேன்ல” என்று சொல்லி விட்டுவந்தான்.

காவல் நிலையத்தில் பெண் அதிகாரி ஒருவர் எழுதிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

பார்க்காரர்கள் வக்கீல் வைத்திருக்கிறார்களாம். இது எத்தனை மாதம் இழுக்குமோ, எங்கே போய் முடியுமோ. இஃபாத் எதையும் உறுதி சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் அதிகாரி அண்ணனை நிமிர்ந்து பார்த்து, “நீங்க யாருங்க?” என்றார்.

அண்ணன் என்று சொல்வான் என நினைத்தேன்.

“சாட்சிங்க” என்றான்.