எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்

அருமனை,
திங்கட்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு, ஷிஜி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

நானும் மகள் பிரிஜாவும் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றியதா? ஒடிசாவில் பெருமழை என்று செய்தியில் பார்த்தேன். ஊழியத்துக்கு நடந்தே போகாதீர்கள், சபையில் யாரையாவது பைக்கில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இங்கும் மழைதான். பால் வெட்டப் போகிற நாட்களைவிட ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நாட்களே அதிகம்.

இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். உங்கள் மருமகன் பெயரை எடுத்ததுமே நீங்கள் ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஜெபிக்கிறவரை இடைமறித்துப் பேச நீங்கள் என்னைப் பழக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் மகன் ஜெனினின் அடக்கத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் பார்த்தபடி அதை எழுத வேண்டும். காய்ச்சல் மூளைக்கு ஏறி அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் உபவாசமிருந்து, ஆவியில் நிறைந்து அந்நியபாஷையில் ஜெபித்தீர்கள். பிள்ளை எழும்புவான், ஆவியானவர் எனக்குச் சொல்லிவிட்டார் என்றீர்கள். நானும் நம்பினேன். இவர் எங்கள் இரண்டு பேரையும்விட அதிகமாக நம்பினார். அவனுக்குப் புதுச் செருப்புகூட வாங்கி வந்தார். குழிக்கு முன்னால் நீங்கள் மறுபடியும் அதே பாஷையில் ஜெபித்தபோதுதான் இவர் சொன்னார்: “மாமா, நிறுத்தும். உமக்குள்ள பேசினது பரிசுத்த ஆவியில்ல. பிசாசாக்கும்.”

நீங்கள் கண்ணைத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள், இது ஆவியானவருக்கு விரோதமான தூஷணம், இதற்கு இம்மையிலும் மன்னிப்பில்லை, மறுமையிலும் மன்னிப்பில்லை என்று. மண் போடும்முன் சொன்னீர்கள்.

அந்த வார்த்தையை இவர் தூக்கியெறிந்திருந்தால் எனக்குப் பயமில்லை. உங்களோடு சண்டை போட்டிருந்தாலும் நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பா, இவர் அதை அப்படியே நம்பிவிட்டார். சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபிக்கும்போது எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறார். தான் கூட இருந்தால் ஜெபம் மேலே போகாதாம். பிரிஜாவைத் தொடுவதில்லை. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். இவர் மழையில் நனைந்தபடி பைக்கில் பின்னாலேயே வந்தார். ஆஸ்பத்திரிக்குள்ளே வரவில்லை. நான் கிட்ட வந்தா எனக்க சாபம் அவளுக்கும் பிடிச்சிரும் என்றார். அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், மறுநாளே விட்டுவிட்டது.

ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் குப்பியை முன்னால் வைத்துக்கொண்டு இவர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டு விக்டோரியா அக்கா பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் குப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது அவர்கள் வீட்டில் பூட்டி இருக்கிறது. நான் கேட்டதற்கு இவர், “எப்பிடியும் நரகத்துக்குத்தான போணும். இப்ப போனா என்ன, பொறவு போனா என்ன” என்றார். அழவில்லை. மழை வருமா என்று பேசுவதுபோலச் சொன்னார். அதுமுதல் இவரை நான் தனியாக விடுவதில்லை. குளிக்கப் போனாலும் வாசலில் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை தந்திருக்கிறார். அதைச் சாப்பிட்டால் தூங்குகிறார். விழித்ததும் உங்கள் வார்த்தை அங்கேயே இருக்கிறது.

நேற்று காலை ஆராதனைக்குப் புறப்பட்டேன். நீ போ, எனக்கு அங்கே இடமில்லை என்றார். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. பைபிளை மேசையில் வைத்துவிட்டு இவர் முன்னால் போய் நின்றேன். குழிக்கு முன்னால் இவர் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அதற்குப் பிறகு, “இனி நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே இடந்தான்” என்றேன்.

இவர் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். மோதிரம் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. பிறகு என் காலடியிலேயே முழங்கால்படியிட்டு விழுந்தார். “கர்த்தாவே, இவள விட்டுரும். எனக்க மேல உள்ள பிரியத்துல சொல்லிட்டா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று கதறினார். ஜெனின் போனபிறகு இவர் வாயில் கர்த்தருடைய பெயர் வந்தது அப்போதுதான். ஜெபிக்கிறோம் என்பதுகூட இவருக்குத் தெரியவில்லை. அழுது முடித்துத் தரையில் உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, “கேட்டிருப்பாராட்டீ?” என்றார்.

பிரிஜா வந்து இவர் மடியில் உட்கார்ந்தாள். இவர் தள்ளிவிடவில்லை.

இன்று விடியற்காலையிலும் எனக்காக ஜெபித்தார். தனக்காக வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதவை அடைத்தது நீங்கள். உங்கள் வாயால் சொன்னால்தான் அது திறக்கும் என்று நம்புகிற மனிதர் இவர்.

அப்பா, ஆவியானவர் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று நான் உங்களிடம் கேட்கமாட்டேன். கேட்பேனோ என்று பயந்துதான் அவ்வளவு தூரம் போனீர்களோ என்று சில நேரம் நினைப்பதுண்டு. பேரனைப் பறிகொடுத்த வேதனை உங்களுக்கும் இருந்தது. நீங்களும் அன்று சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அந்த நிலையில் மனிதன் என்னவெல்லாம் சொல்வான் என்பது உங்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

நீங்கள் சொன்னது சொன்னதுதான் என்றால், இப்போது அது எனக்கும் சேர்த்துத்தான். உங்கள் கையாலேயே என் பெயரைப் போட்டு, உனக்கு மன்னிப்பில்லை மகளே என்று எழுதி அனுப்புங்கள். அதை எழுதக் கை வரவில்லையென்றால் ரயிலேறி வந்துவிடுங்கள். குழித்துறையில் இறங்கினால் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

உங்கள் கால் சுகமாக வேண்டுமென்று கர்த்தரிடம் கேட்டிருக்கிறேன். நான் கேட்கலாமா, கூடாதா என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
ஷிஜி சத்தியராஜ்