பீரோ தூக்காத வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கப்பலில் உங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் நடுநடுவே கொஞ்சம் தூக்கமும் கிடைக்கிறது என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன் என்றால் உங்களைச் சுற்றி இஞ்சின் அறை ஆட்கள், என்னைச் சுற்றிக் கடை ஆட்கள். அதோடு இந்த விஷயம் எனக்கு வாயில் வராது. என் வீட்டம்மாதான் பேனாவைக் கையில் திணித்து உட்கார வைத்திருக்கிறாள்.

முதலில் பிள்ளைகள் சேதி. உங்கள் பெரியவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சில் பாதி விசில்தான். சின்னவள் சுவரைப் பிடித்து நடக்கிறாள், கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள். உங்கள் போட்டோவின் ஒரு மூலை ஏற்கெனவே போய்விட்டது. நேரில் வந்தால் உங்களையும் விடமாட்டாள்.

தங்கை நன்றாக இருக்கிறாள். இரத்த அழுத்தம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இன்னொரு பிரசவம் என்றால் அவள் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது உங்களுக்கும் தெரியும். கருத்தடை மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான், நீங்கள் லீவில் வருவதற்குள் அவளே ஆபரேஷன் செய்துகொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதை அவள் அண்ணனிடம் சொல்வாளா? அண்ணியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அழுத்தம் அடங்காமல் மயக்க மருந்து கொடுக்க டாக்டரம்மாவே தயங்குகிறாராம். "உங்க வீட்டுக்காரரு பண்ணிக்கலாமேம்மா, ஆம்பளைக்கு இது சின்ன வேலை" என்றாராம். தங்கை தலையைக் குனிந்துகொண்டு, அவர் கனமான வேலை பார்க்கிறவர் என்றாளாம்.

மாப்பிள்ளை, நான் மட்டும் என்ன பூவா தொடுக்கிறேன்? மரச்சாமான் கடையில் பீரோ தூக்குகிறவன். மாடிப்படி திரும்பும் இடத்தில் பீரோவைச் சாய்த்து, அடிப்பக்கம் தோள் கொடுக்கிறவன். அந்த ஆபரேஷனை நான் போன வருடமே செய்துகொண்டேன். எங்களுக்கு மூன்று பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்தோம். மூன்றையும் பெற்றவள் அவள், இதையாவது நான் பார்த்துக்கொள்கிறேனே என்று தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன், பொய் சொல்வானேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதுதான் சுருக்கென்றது. டாக்டர் வேலையைப் பார்த்துக்கொண்டே, அவர் வீட்டு பீரோ கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று என்னை விசாரித்தார். நான் கீலைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், "முடிஞ்சுதுப்பா, எந்திரி" என்றார். கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். நான் கடையில் முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவைத்தேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். எங்கள் கடையில் யாருக்கு முதுகு பிடித்தாலும், என்னோடு பீரோ தூக்கும் பயில்வான்தான் வைத்தியர். முதுகோடு முதுகு சேர்த்து, கைகளைக் கோத்து, ஆளையே அந்தரத்தில் தூக்கி நாலு உதறு உதறுவான். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தூக்கிவிட்டான். முதல் உதறலிலேயே உயிர் போய் வந்தது. "டேய் இறக்குடா, குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்கேண்டா!" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. சோபா பார்க்க வந்த ஒரு குடும்பமும் நின்று கேட்டது.

கடை மேஸ்திரி வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி அந்த சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலையணை மட்டுமே தூக்கக் கொடுத்தார்கள். இன்றுவரை கடையில் என் பெயர் தலையணைதான். ஆனால் ஒன்று கேளுங்கள். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு பயில்வான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப வலிக்குமாண்ணே?" என்று கேட்டான். அடுத்த மாதம் அவனும் போய்ச் செய்துகொண்டான். இப்போது இருவரும் பழையபடி பீரோ தூக்குகிறோம்.

நீங்கள் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். எதிலும் ஒரு குறையும் இல்லை. சந்தேகமிருந்தால் என் வீட்டம்மாவைக் கேளுங்கள் என்று எழுதும்போதே பின்னாலிருந்து மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் செய்த அன்றே பலன் வராது. மூன்று மாதம்போல வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு பரிசோதனை செய்து டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். பின்னால் மனம் மாறினால் பழையபடி ஆக்குவதும் நிச்சயமில்லை. அதனால் அவளோடு மனம்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள்.

என் வீட்டம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்; இனி எழுதப்போவதை நான் உங்களுக்குச் சொல்வது அவளுக்கும் தெரியாது. சின்னவள் பிறந்தபோது, தங்கை கொஞ்சம் சிரமப்பட்டாள் என்று உங்களிடம் போனில் சொன்னேன். கொஞ்சமில்லை மாப்பிள்ளை. அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பிழைப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அவளுக்கு நினைவு திரும்பியதும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அவருக்குச் சொல்லாதண்ணா, நடுக்கடல்ல தனியா கிடந்து தவிச்சிடுவாரு." இத்தனை நாள் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். இனி முடியவில்லை.

உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. அதட்டிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, கெஞ்சிக் கேட்கத்தான் முடியும். நீங்கள் பத்திரமாகக் கரை வந்து சேர வேண்டும். நீங்கள் கதவைத் தட்டும்போதெல்லாம், திறக்க அவள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
மச்சான்