தண்ணீருக்குக் கீழே வெட்டிய அல்லி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே இருவரும் நலம். உனக்கு இருமல் விட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போடாவிட்டால் உன் அப்பாவுக்குக் கோபம் வருகிறது, அவர் காதுக்கு எட்டாத மூலையும் இந்த வீட்டில் இல்லை, குளியலறைக்குள் போய்ப் பேசினால் யாரிடம் ரகசியம் என்கிறார். காகிதம் சத்தம் போடாது. சமையல் மேடையில் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், கேட்டால் மளிகைச் சாமான் குறிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்பாவின் நுரையீரல் மோசமாகவில்லை என்றார் டாக்டர், தேறும் என்றும் சொல்லவில்லை. மூக்கில் மாட்டிய குழாய் குளியலறை வரை எட்டும், பால்கனி வரை எட்டும், வாசல் கதவுக்கு எட்டாது. எனக்குக் குழாய் இல்லை, ஆனாலும் நான் அந்தக் கதவைத் தாண்டுவதில்லை. மளிகையும் மருந்தும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. குப்பை கொட்டக் கீழே போனால்கூட, திரும்புவதற்குள் முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் போனால் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும், அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவர் பயம். செடிக் கடையில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர் இப்போது என் செருப்புச் சத்தத்துக்குப் பயப்படுகிறார், அவரோடு என்ன சண்டை போடுவது.

கடையை மூடியபோது கொண்டுவந்த அந்த ஒரே தொட்டி பால்கனியில் இருக்கிறதே, அதில் கிளம்பியது வினை. போன மாதம் ஒரு நாள் எனக்கு எதன் மேலோ எரிச்சல், எதன் மேலோ என்ன, எல்லாவற்றின் மேலும்தான். அல்லி இலை தொட்டி முழுக்க அடைத்துக்கொண்டு கொசு மண்டுகிறதே என்று கத்தரிக்கோலை எடுத்துத் தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு தண்டு பாக்கி இல்லாமல் நறுக்கிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "தண்ணிக்குக் கீழயா வெட்டின" என்று கேட்டார், அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீரிலேயே கிடக்கிற செடிக்கு மேலே என்ன கீழே என்ன என்று நானும் எரிந்து விழுந்தேன். மறுநாள் வாளியில் கிடந்த தண்டை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார், உள்ளே நெடுக ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அந்தக் கடைக்காரருக்கு இத்தனை வருஷம் பெண்டாட்டியாக இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. சேற்றுக்குள் காற்றே கிடையாதாம். மேலே இருக்கிற இலை காற்றை வாங்கி அந்த ஓட்டை வழியாக அனுப்புகிறதாம், அதை வைத்துத்தான் வேர் அடியில் உயிரோடு இருக்கிறதாம். கீழே வெட்டினால் ஓட்டைக்குள் தண்ணீர் புகுந்துவிடும், "அப்புறம் தண்ணிச் செடியே தண்ணில மூழ்கிச் செத்துப்போகும்" என்று விட்டு விட்டுச் சொன்னார். அப்படியே ஆயிற்று. சில வாரம் பொறுத்துக் கிழங்கைத் தோண்டினேன், வேரெல்லாம் கறுத்து அழுகின முட்டை நாற்றம். கடைக்கு யார் வாடின செடியைக் கொண்டுவந்தாலும் வேரை மோந்துபார்த்துத்தானே பதில் சொல்வார், அன்றும் மோந்துபார்க்க மூக்குக் குழாயைக் கழற்றப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அதே தொட்டியில் தானாக வந்த ஒரு கொடி மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. கணுவுக்குக் கணு வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி வேர் விட்டிருக்கிறது, அது கீழே போகாமல் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. "கீழ காத்து இல்லன்னா வேர் மேலயும் வரும்" என்றார். வேர் கீழேதான் போகும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, "அவ வந்துட்டா நமக்கு என்ன" என்று சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சந்தோஷம்தான். நீ வந்தால் நான் வெளியே போகலாம் என்று நினைத்தேன், பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது. அப்புறம்தான் உறைத்தது, நீ வந்தால் நாம் மூன்று பேரும் இந்தக் கதவுக்கு உள்ளே இருப்போம். உன் ஆபீஸ் மேலாளர் தூங்கி விழுந்ததையும், வாடகை வீட்டுக்காரி போட்ட சண்டையையும் நீ சொல்லிச் சிரிக்கும்போதுதான் கண்ணு எனக்கு மூச்சு வருகிறது. தெரியாமல் ஒரு முறை வெட்டிவிட்டேன், தெரிந்தே இன்னொரு முறை வெட்ட மாட்டேன்.

கீழ் வீட்டுத் தையல்காரம்மா வியாழக்கிழமை மதியம் தையல் மெஷினை மூடிவிடுவாள். "நான் வந்து உக்காந்துக்கறேன்க்கா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவளாகவே சொன்னாள். அப்பா தூங்கும்போது வந்து சிலிண்டர் திறக்கவும் பழகிவிட்டாள், என்னைவிடக் கை வேகம். அப்பாவிடம் ஒரு தடவை பேச்செடுத்தேன், "அவ எதுக்கு, நீதான் இருக்கியே" என்று சொல்லி முடித்துக்கொண்டார். நாளைக்கு வியாழன். சொல்லிவிட்டுப் போகப்போகிறேன், கேட்டுவிட்டு இல்லை. எங்கே என்பாய். எங்கேயும் இல்லை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, எடுத்த காரியம் கைகூடட்டும். இருமலோடு தலைக்குக் குளிக்காதே. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தால் கெஞ்சியாவது திரும்ப வாங்கிவிடு. கடைசி நிறுத்தத்தில் ஒரு தபால் பெட்டி உண்டு, இந்தக் கடிதத்தை அதில் போடுவதாக இருக்கிறேன். உறையின் மேல் இருக்கிற முத்திரையைப் பார். அதில் நம் பகுதியின் பெயர் இருந்தால், நான் கதவைத் தாண்டவில்லை, தையல்காரம்மாவிடம் கொடுத்துத் தெருமுனையில் போடச் சொன்னேன் என்று புரிந்துகொள். வேறு பெயர் இருந்தால் சந்தோஷப்படு. எந்தப் பெயராக இருந்தாலும் நீ வராதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா